கூபர் பீடிக்கு கேரவன்ல போறீங்களா? ஆற அமர பாத்துட்டு வர ஒரு முழு வழிகாட்டி

கூபர் பீடி தெற்கு ஆஸ்திரேலியா பாலைவனத்துல இருக்கிற ஓபல் சுரங்க ஊரு, ஓபல்னா பல கலர் மின்னுற நகைக் கல்லு. அடிலெய்டுல இருந்து உலுரு பாறைக்கு கேரவனை, அதாவது காருக்குப் பின்னாடி மாட்டுற சக்கர வீட்டை, இழுத்துட்டுப் போன நம்ம ஆளுங்ககிட்ட கூபர் பீடி எப்படி இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேரு ஒரே பதில்தான் சொல்லுவாங்க, டீசல் போட்டோம், பாத்ரூம் போனோம், ஒரு ஓபல் கடைக்குள்ள தலையை நீட்டினோம், வெயில் தாங்கல கிளம்பிட்டோம், அங்க என்னங்க இருக்கு வெறும் மண்ணு. மேல நின்னு பாத்தா அது நெசந்தான். மரம் இல்ல, புல்லு இல்ல, துருப்பிடிச்ச மெஷினும் தகரக் கொட்டகையும் தூசியும்தான். ஆனா ஊரோட பாதி தரைக்குக் கீழ இருக்கு, வீடு கீழ, சர்ச் கீழ, ஹோட்டல் ரூம் கீழ, புத்தகக் கடை கூட கீழ. கீழ இறங்காம திரும்பி வர்றவங்க ஊரைப் பாத்ததாவே நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கட்டாயம்தான், குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்குங்க, முடிஞ்சா மூணு.

கொஞ்சம் பின்கதை. 1915 பிப்ரவரி 1ஆம் தேதி, தங்கம் தேடி வந்த ஒரு சின்ன கூட்டத்தோட அப்பாவுக்குத் துணையா வந்திருந்த வில்லி ஹட்சிசன்ங்கிற 14 வயசுப் பையன் கண்ணுல பட்டதுதான் இந்த ஊரோட முதல் ஓபல். தங்கம் தேடுனவங்களுக்குத் தங்கம் கிடைக்கல, ஊருக்கு இது கிடைச்சுது. முதல் உலகப் போர் முடிஞ்சு திரும்பின சிப்பாய்ங்க இங்க வந்து தோண்ட ஆரம்பிச்சாங்க, பதுங்குகுழி வெட்டி வாழ்ந்து பழகின ஆளுங்க, அடிக்கிற வெயிலுக்கு மலைச் சரிவுல குடைஞ்சே குடியேறிட்டாங்க. அப்புறம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னாடி கிரேக்கர், செர்பியர், குரோஷியர், இத்தாலியர்னு அலை அலையா வந்தாங்க. இப்ப ஜனத்தொகை ஏறத்தாழ 1,500தான், ஆனா நாப்பதுக்கும் மேல நாட்டுக்காரங்க இருக்காங்கன்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க.

முதல்ல, எப்போ போறது

ஏப்ரல் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் 40 டிகிரியைத் தாண்டுறது சர்வ சாதாரணம், கேரவன் ஏசி நாள் முழுக்க கத்திக்கிட்டே இருக்கும், உள்ள மட்டும் குளிராது. ஜூன் ஜூலையில பகல் 18, 20ன்னு சொகமா இருக்கும், ஆனா ராத்திரி 5, 6க்கு இறங்கிடும், கம்பளி எடுக்காம போயிடாதீங்க, பாலைவனம்னா சூடுதான்னு நினைச்சு மெல்லிசு போர்வையோட போறவங்கதான் ராத்திரி ரெண்டு மணிக்கு கேரவன்ல அடுப்பைப் பத்த வைக்கிறாங்க, அது ரொம்ப ஆபத்து, மூடின கேரவனுக்குள்ள கேஸ் அடுப்பை குளிர் காய பத்த வைக்கவே கூடாது. அந்த ரெண்டு மாசமும் வடக்க போற ரிட்டையர்டு கேரவன் கூட்டம் அலைமோதும், கரண்ட் கனெக்‌ஷன் உள்ள சைட் வேணும்னா முன்னாடியே புக் பண்ணிடுங்க.

ஈ பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். கொஞ்சம் வெப்பம் ஏறினதும் மூக்கு, கண்ணு, வாயின்னு உக்காரும். தலையில மாட்டுற வலை சில டாலர்தான், அதை மாட்டுனா கோமாளி மாதிரி தெரியுமேன்னு வெக்கப்படுறவங்க அரை மணி நேரத்துல கடையைத் தேடி ஓடுவாங்க.

அடுத்து, வண்டியும் கேரவனும்

போர்ட் அகஸ்டாவுல இருந்து வடக்க போற ஸ்டூவர்ட் ஹைவே முழுக்க நல்ல தார் ரோடு, கூபர் பீடி வரைக்கும் போக ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்ல. தேவைப்படுறது எடைக் கணக்கு. உங்க கார் எவ்வளவு இழுக்கலாம், கேரவனை மாட்டுற டோபால் உருண்டை மேல எவ்வளவு எடை இறங்கலாம், கேரவன்ல எழுதியிருக்கிற ஏடிஎம், அதாவது சாமானோட சேத்து கேரவன் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை, எவ்வளவு, இந்த மூணையும் பாத்துட்டு அப்புறம் சாமான் ஏத்துங்க. நம்ம ஆளுங்க அரிசி மூட்டை, கிரைண்டர், பிரஷர் குக்கர் ரெண்டுன்னு பின்பக்கமா அடுக்கிடுவாங்க, பின்னாடி கனம் ஏறுனா ஹைவேல கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும், கனமான சாமான் எல்லாம் சக்கரத்துக்கு மேல, தரையோட ஒட்டி இருக்கணும். தண்ணி டேங்க்ல ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

கேரவன் இழுத்தா எரிபொருள் தாராளமா ஒன்றரை மடங்கு போகும், எதிர்காத்து அடிச்சா இன்னும் கூட. தனியா 10, 11 லிட்டர்ல 100 கிலோமீட்டர் ஓடுற வண்டி 17, 18 கேக்கும்னு வச்சுக்கிட்டு திட்டம் போடுங்க. ஸ்பேர் டயர்ல காத்து இருக்கான்னு பாருங்க, கேரவன் ஸ்பேர் டயரை வாங்கின நாள்ல இருந்து யாருமே தொட்டிருக்க மாட்டாங்க. வண்டிக்கு வண்டி பேசுற யுஹெச்எஃப் ரேடியோ ஒண்ணு வாங்கவோ இரவல் எடுக்கவோ செய்யுங்க, லாரிக்காரங்க சேனல் 40ல பேசுவாங்க, கேரவன்காரங்க 18ல. ஃபோன் சிக்னல் ஊருக்கு ஊரு நடுவுல கிடையாது, இருக்கிற இடத்துலயும் டெல்ஸ்ட்ரா கம்பெனி சிம்தான் பிடிக்கும், மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க.

மெல்போர்ன், சிட்னில இருந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ள பழ ஈ பிரச்சனைக்காக பழம், காய்கறிக்கு கடுமையான கட்டுப்பாடு இருக்கு. மில்டூரா வழியா வந்தா யாம்பாவுல செக்போஸ்ட், வண்டியை நிறுத்தி ஃப்ரிட்ஜைத் திறந்து பாப்பாங்க. தக்காளி, பச்சை மிளகாய், மாம்பழம் எல்லாம் போயிடும், மறைச்சா அபராதம். சமைச்ச சாப்பாடா எடுத்துட்டு வாங்க, புளியோதரை ரெண்டு நாள் தாங்கும், காய்கறியை போர்ட் அகஸ்டாவுல வாங்கிக்கலாம்.

ரோட்டுல ஏறினதும்

அடிலெய்டுல இருந்து கூபர் பீடி கிட்டத்தட்ட 850 கிலோமீட்டர். கேரவனோட ஒரே நாள்ல அடிச்சுப் பிடிச்சு போகாதீங்க. போர்ட் அகஸ்டா வரைக்கும் 310, அங்க இருந்து 540. போர்ட் அகஸ்டாவுல டேங்க் ஃபுல், தண்ணி ஃபுல், மளிகை ஃபுல். அங்க இருந்து பிம்பா 170 சொச்சம், அதுக்கப்புறம் கிளெண்டாம்போ இன்னொரு 110. கிளெண்டாம்போவைத் தாண்டினா கூபர் பீடி வரைக்கும் 250 கிலோமீட்டருக்கு பங்க் இல்ல, கடை இல்ல, வீடு இல்ல. ரோட்டோர ரோடுஹவுஸ்ங்க, அதாவது பங்கும் சாப்பாட்டுக் கடையும் சேந்த இடங்க, நேரத்துக்கு மூடும், சிலது ஆள் இல்லாம நாள் கணக்குல மூடிக் கிடக்கும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுடுங்க, பிம்பாவுல பாதி டேங்க் இருக்கேன்னு விட்டுட்டுப் போகாதீங்க.

பிம்பாவுல இருந்து ஏழு கிலோமீட்டர் உள்ள போனா வூமெரா, 1940கள்ல ராக்கெட் சோதனைக்காகவே கட்டின ஊரு, பழைய ராக்கெட்டும் ஏவுகணையும் வெட்டவெளியில வரிசையா நிக்குது, பசங்க இருந்தா ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பிம்பாவுக்கும் கிளெண்டாம்போவுக்கும் நடுவுல லேக் ஹார்ட், வெள்ளை வெளேர்னு உப்பு ஏரி, மேட்டு மேல ரெஸ்ட் ஏரியா, நிறைய கேரவன்காரங்க ராத்திரி அங்கேயே தங்குவாங்க. அதுக்கு வடக்க ரோட்டோரம் பெரிய எச்சரிக்கை போர்டு வரும், வூமெரா தடை செய்யப்பட்ட பகுதி, ராணுவ சோதனை நிலம். ஹைவேல போகலாம், ரெஸ்ட் ஏரியாவுல நிக்கலாம், ஹைவேயை விட்டு உள்ள இறங்கக் கூடாது.

ரோடு ட்ரெயின்னு சொல்ற லாரிங்க 50 மீட்டருக்கு மேல நீளம் இருக்கும். எதிர்ல வரும்போது ஒரு காத்து மோதும், கேரவன் ஒரு ஆட்டம் ஆடும், ஸ்டியரிங்கை இறுக்காம நேரா பிடிச்சுக்கிட்டு இருந்தா போதும். பின்னாடி வந்தா நீங்க வேகத்தைக் கூட்டாதீங்க, ரேடியோவுல "போங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒரே சீரா ஓட்டுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வண்டியை நிறுத்திடுங்க. கங்காரு, ஈமு, வேலி இல்லாத மாட்டுப் பண்ணை மாடு, எல்லாம் இருட்டுற நேரத்துலதான் ரோட்டுக்கு வரும். பகல்ல அடிபட்டுக் கிடக்கிற கங்காரு மேல பெரிய கழுகு உக்காந்திருக்கும், அது மெதுவாத்தான் எழும்பும், ஹாரன் அடிச்சா போயிடும்னு நம்பி வேகமா போகாதீங்க.

ஊரு நெருங்குறது போர்டு பாக்காமலே தெரியும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரையான் புத்து மாதிரி கூம்பு கூம்பா வெளிறின மண் குவியல், கண்ணுக்கு எட்டுற வரைக்கும். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்துலயும் ஒரு குழி இருக்குன்னு அர்த்தம்.

குழி பத்தி தனியா சொல்லியே ஆகணும்

இதை படிக்காம தாண்டாதீங்க. ஓபல் வயல்ல லட்சக்கணக்குல குழிங்க இருக்கு, பெரிய துளைபோடும் மெஷின் வச்சு போட்டது, சுமார் ஒரு மீட்டர் அகலம், சிலது 20, 30 மீட்டர் ஆழம், மூடி கிடையாது, வேலி கிடையாது. இங்க பழைய குழியை மூடுற வழக்கமே இல்ல. போர்டுல ஒரு மனுஷன் தலைகீழா குழிக்குள்ள விழுற படம் போட்டிருப்பாங்க, ஓடாதே, பின்பக்கமா நடக்காதேன்னு எழுதியிருக்கும். பின்பக்கமா யாருங்க நடப்பான்னு சிரிப்பு வரும், ஃபோட்டோ எடுக்கிறவன்தான் நடப்பான். குடும்பத்தை நிக்க வச்சு ஃப்ரேமுக்குள்ள வரலைன்னு ஒரு அடி பின்னாடி, இன்னொரு அடி பின்னாடி, அவ்வளவுதான். டூர் இல்லாம, அனுமதிச்ச இடம் இல்லாம வயலுக்குள்ள நடக்காதீங்க, ராத்திரி கிட்டவே போகாதீங்க, சின்னப் பசங்க கையை விடாதீங்க, நாய் இருந்தா கயிறோட.

ஊருக்குள்ள வந்ததும் பண்ண வேண்டியது

மதியம் ரெண்டு, மூணு மணிக்கு வந்து சேர்ற மாதிரி பாத்துக்கோங்க. கேரவன் பார்க் நாலஞ்சு இருக்கு. தரை கல்லாட்டம் கெட்டி, கேரவன் பக்கத்துல நிழலுக்கு விரிக்கிற ஆனிங்குக்கு சாதாரண ஆணி வளைஞ்சுடும், தடிச்ச இரும்பு ஆணியும் நல்ல சுத்தியலும் வேணும். காத்து திடீர்னு எழும்பும், வெளியில போறப்ப ஆனிங்கை சுருட்டிட்டுப் போங்க. வில்லியம் கிரீக் ரோட்டுல ரிபாஸ்னு ஒரு பார்க், அங்க டென்ட் போடுறவங்களுக்கு தரைக்கு அடியிலேயே குகைக்குள்ள இடம் கொடுக்கிறாங்க, கேரவன் மேலதான் நிக்கும், ஆனா பெரிய பசங்க இருந்தா அவங்களை ஒரு ராத்திரி டென்ட்டோட கீழ அனுப்பிடலாம். நீங்களும் ஒரு ராத்திரி கேரவனைப் பூட்டிட்டு தரைக்கடி ரூம் எடுத்துத் தூங்கிப் பாருங்கன்னு சொல்லுவேன். செலவுதான், ஆனா விளக்கை அணைச்சதும் வர்ற அந்த இருட்டும் சத்தமின்மையும் மேல எங்கயும் கிடைக்காது, காலையில அலாரம் வைக்கலைன்னா மணி எட்டா பத்தான்னே தெரியாது.

தண்ணி இங்க காசு. மழை வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் கூட தேறாது, போர்வெல் உப்புத் தண்ணியை சுத்திகரிச்சுத்தான் ஊரே குடிக்குது. ஊருக்குள்ள காசு போட்டா தண்ணி பிடிக்கிற குழாய் இருக்கு, சில பார்க்குல ஷவருக்கும் காசு போடணும், சில்லறை வச்சுக்கோங்க. பாத்திரம் கழுவுற பழக்கத்தை இந்த ரெண்டு நாளைக்கு மாத்திக்கோங்க, குழாயைத் திறந்து விட்டுட்டு அரிசி களையறதெல்லாம் இங்க செல்லாது.

சூப்பர்மார்க்கெட், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் எல்லாம் இருக்கு. மது வாங்கக் கட்டுப்பாடு உண்டு, அடையாள அட்டை கேப்பாங்க, தெருவுல பொது இடத்துல குடிக்கக் கூடாது. பழங்குடி மக்கள் நிறைய பேரு வாழுற ஊரு இது, அவங்க நிலம், கேக்காம யாரையும் ஃபோட்டோ எடுக்காதீங்க.

முதல் சாயங்காலம், கீழ இறங்குங்க

ஓல்ட் டைமர்ஸ் மைன்ல ஆரம்பிங்க. 1916ல தோண்டின சுரங்கம், தோண்டினவங்க மூடி மறைச்சுட்டுப் போயிட்டாங்க, 1968ல ஒருத்தர் தன்னோட தரைக்கடி வீட்டைக் கொஞ்சம் பெருசாக்கலாம்னு சுவரை இடிக்க, அந்தப் பக்கம் பழைய சுரங்கம் திறந்துக்கிச்சு, ஓபலும் சுவர்ல அப்படியே இருந்துச்சு. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நீங்களே நடந்து பாக்கலாம், குனிஞ்சு குனிஞ்சு போகணும், உயரமானவங்க ஹெல்மெட் டங்கு டங்குன்னு இடிக்கிற சத்தம் முன்னாடி கேட்டுக்கிட்டே வரும். கையால கடப்பாரை வச்சு கொத்தின தழும்பு சுவர்ல இன்னும் இருக்கு, பக்கத்துலயே மெஷின் வெட்டின வட்ட வட்டக் கோடு, ரெண்டையும் தடவிப் பாருங்க, காலத்தோட வித்தியாசம் விரல்லயே தெரியும்.

அப்புறம் உமூனா மியூசியம். ஓபல் எப்படி உருவாகுதுன்னு அங்க நல்லா விளக்குவாங்க. சுருக்கமா, பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பாலைவனம் உள்நாட்டுக் கடல். கடல் வத்தின பிறகு, மண்ணுல இருந்து கரைஞ்சு வந்த சிலிக்கா கலந்த தண்ணி பாறை வெடிப்புல இறங்கி, தண்ணி போகப் போக நுணுக்கமான உருண்டை உருண்டையா படிஞ்சுது. அந்த உருண்டைங்க ஒரே அளவுல ஒழுங்கா அடுக்கியிருந்தா வெளிச்சம் சிதறி கலர் வரும், தாறுமாறா கிடந்தா கலர் இல்லாத வெறும் கல்லு, அதுக்குப் பேரு பாட்ச். கடல்னு சொன்னேன்ல, அதுக்கு சாட்சி எரிக்னு பேரு வச்ச ஒரு கடல் ஊர்வனம், எலும்புக்கூடு ஓபலா மாறினது, 1987ல இங்கதான் கிடைச்சுது, இப்ப சிட்னியில ஆஸ்திரேலியன் மியூசியத்துல இருக்கு.

ஒரு வீட்டையாவது உள்ள போய்ப் பாருங்க. ஃபேய்ஸ்னு ஒரு வீடு, மூணு பொம்பளைங்க கடப்பாரையும் மண்வெட்டியும் வச்சு வெட்டினது, நீச்சல் குளம் வரைக்கும் இருக்கு. வெளியில 45 டிகிரி அடிச்சாலும் உள்ள வருஷம் பூரா 23, 25க்குள்ள நிக்கும், ஏசி கிடையாது, ஹீட்டர் கிடையாது. மண்ணு உதிராம இருக்க சுவர்ல பசை மாதிரி ஒண்ணை பூசிடுவாங்க, காத்துக்கு மேல நோக்கி ஒரு குழாய், தெருவுல நடக்கும்போது மண்மேட்டுல அங்கங்க குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குக் கீழ யாரோ டிவி பாத்துட்டு இருக்காங்கன்னு அர்த்தம். ஊருக்குள்ள சுரங்கம் தோண்டத் தடை, ஆனா வீட்டை விரிவாக்கலாம். குடியிருக்கிறது ரெண்டு பேரு, ரூம் மட்டும் எட்டு, பத்துன்னு ஏன் வளருதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சர்ச்சுல ரெண்டு முக்கியம். கத்தோலிக்க சர்ச் 1967ல இருந்து இருக்கு, சின்னது. செர்பியன் ஆர்த்தடாக்ஸ் சர்ச் 1993ல வந்தது, அதுதான் வாயைப் பிளக்க வைக்கும், வளைஞ்ச கூரையையும் சுவர்ல புனிதர் உருவங்களையும் பாறையிலேயே செதுக்கியிருக்காங்க. நம்ம குடவரைக் கோயில் பாத்து வளந்தவங்களுக்கு அந்த இடம் சட்டுனு பிடிபடும், பாறையைக் குடைஞ்சு சாமிக்கு இடம் செய்ற எண்ணம் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லையே. உண்டியல்ல சில டாலர் போடுங்க, சத்தம் போடாம பாருங்க.

ரெண்டாவது நாள் காலை, நூட்லிங்

வந்த வேலையே இதுதான்னு சிலர் வருவாங்க. சுரங்கக்காரங்க வெளியில கொட்டின மண்ணை கிளறி, அவங்க கண்ணுல தப்பின ஓபலைத் தேடுறதுதான் நூட்லிங். எங்க வேணா பண்ண முடியாது. நாலு மூலையில கட்டை அடிச்ச இடம் ஒருத்தரோட கிளெய்ம், தோண்டுற உரிமை அவருக்குத்தான், அதுக்குள்ள அனுமதி இல்லாம கால் வச்சா திருட்டுதான், அந்த ஊர்ல அதை யாரும் சிரிச்சுட்டு விட மாட்டாங்க. பொதுமக்களுக்குன்னே ஜுவல்லர்ஸ் ஷாப் ரோடு பக்கத்துல ஒரு இடம் விட்டிருக்காங்க, இலவசம். அது இல்லாம சில டூர் சுரங்கங்கள்லயும் கிளற விடுவாங்க, பசங்களோட போறவங்களுக்கு அதுதான் நிம்மதி, குழி பயம் இல்ல.

எடுத்துட்டுப் போக வேண்டியது ஒரு சின்ன கரண்டி, பழைய சல்லடை, தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில், தொப்பி, கையுறை. காலையில சீக்கிரம் போங்க, வெயில் சாய்வா விழுறப்பதான் கலர் மின்னும், உச்சி வெயில்ல எல்லாமே வெள்ளையா கண்ணைக் கூசும். குவியலோட உச்சியில ஏறாதீங்க, அடிவாரத்துல குந்திக்கோங்க, உருண்டு வர்ற கல்லு எல்லாம் அங்கதான் வந்து நிக்கும். ஒரு கை மண்ணை சல்லடையில அள்ளி ஆட்டுனா தூள் போயிடும், நகம் அளவு துண்டுங்க நிக்கும், அது மேல ஸ்ப்ரே. முதல்ல பளபளன்னு மின்னுறது எல்லாம் ஜிப்சம், கண்ணாடித் தகடு மாதிரி தெரியும், நகத்தால கீறினா கோடு விழும், தூக்கிப் போடுங்க. பால் வெள்ளையா, சாம்பலா, மழமழன்னு பீங்கான் உடைஞ்ச விளிம்போட இருந்தா அது பாட்ச், அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்க, விளிம்புல எங்கயாவது பச்சையோ நீலமோ ஒரு கோடு ஓடுனா மனசு குதிக்கும்.

பெருசா ஆசைப்படாதீங்க. 1956ல இங்க எட்டு மைல் வயல்ல ஒலிம்பிக் ஆஸ்ட்ராலிஸ்னு 17,000 கேரட், கிட்டத்தட்ட மூன்றரை கிலோ ஓபல் கிடைச்சது உண்மை, மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்த வருஷம்ங்கிறதால அந்தப் பேரு. உங்களுக்குக் கிடைக்கப் போறது ஒரு தீப்பெட்டி நிறைய பாட்சும், அதிர்ஷ்டம் இருந்தா கலர் ஓடுற ரெண்டு சில்லும். ஆனா மூணு மணி நேரம் போனதே தெரியாது, ஃபோனைத் தொடாத பசங்களைப் பாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

பக்கத்து வயல்ல பிளோயர் லாரி ஓடுனா தூரத்துல நின்னு பாருங்க. தடிச்ச குழாயைக் குழிக்குள்ள விட்டு மண்ணையும் கல்லையும் அப்படியே உறிஞ்சி, மேல இருக்கிற பெரிய டிரம்முக்குள்ள இழுத்துக் கொட்டும், ரோட்டோரம் பாத்த கூம்பெல்லாம் அதோட கைவேலைதான்.

ஓபல் வாங்குறதுக்கு முன்னாடி

இங்க ரெண்டு மூணு கடை பாக்காம வாங்காதீங்க. கடைக்காரர்கிட்ட முதல் கேள்வி, இது சாலிடா, டப்லெட்டா, ட்ரிப்லெட்டா. சாலிட்னா முழுக்க ஓபல். டப்லெட்னா மெல்லிசு ஓபல் சீவலுக்குப் பின்னாடி கருப்பா ஒரு தகடு ஒட்டினது. ட்ரிப்லெட்னா அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு மூடியும் சேத்தது. மூணும் நேர்மையான பொருள்தான், விலைதான் மலைக்கும் மடுவுக்கும். நகையில பதிக்காத கல்லா இருந்தா பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க, நேர்கோடா ஒட்டின அடுக்கு தெரிஞ்சா அது சாலிட் இல்ல. ஒட்டினதை தண்ணியில ஊற விடக் கூடாது, பசைக்குள்ள தண்ணி ஏறி மங்கிடும், கையில மோதிரமா போட்டு பாத்திரம் கழுவுறவங்க கவனிங்க.

கூபர் பீடி கல்லு பெரும்பாலும் வெள்ளை, வெளிர், இல்லேன்னா ஊடுருவித் தெரியுற கிறிஸ்டல் ஓபல். கருப்பு ஓபலுக்கு பேரு போனது நியூ சவுத் வேல்ஸ்ல லைட்னிங் ரிட்ஜ். அதனால இங்க யாராவது கன்னங்கரேல்னு ஒரு கல்லை மலிவா காட்டுனா, அது டப்லெட்டா, இல்ல ஆண்டமூக்கா பக்கம் கிடைக்கிற மேட்ரிக்ஸ் கல்லை, அதாவது ஓபல் ஊடுருவின பாறையை, பக்குவம் பண்ணி கருப்பாக்கினதான்னு கேளுங்க, நல்ல கடைக்காரர் மறைக்காம சொல்லுவார். கலர்ல சிவப்பு காட்டுறதுதான் பொதுவா விலை ஜாஸ்தி, பச்சை நீலம் கம்மி. கடை விளக்கை மட்டும் நம்பாதீங்க, வாசலுக்கு எடுத்துட்டு வந்து நிழல்ல பாருங்க, நிழல்லயும் கலர் பேசுனா நல்ல கல்லு.

நம்ம வீட்டுல ஒரு யோசனை வரும், கல்லை மட்டும் வாங்கிட்டுப் போய் ஊர்ல ஆசாரிகிட்ட கொடுத்து தங்கத்துல பதிச்சுக்கலாம்னு. நல்ல யோசனைதான், ஆனா ஓபல்ல தண்ணி உண்டு, சூடு பட்டா வெடிப்பு விடும், கல்லைப் பதிச்ச பிறகு தீ காட்டி ஒட்டு வைக்கக் கூடாதுன்னு ஆசாரிகிட்ட அடிச்சுச் சொல்லணும். வைரம் மாதிரி கெட்டியும் இல்ல, மோதிரத்தைவிட தோடு, பதக்கம்னா நாள்பட உழைக்கும். நாட்டை விட்டுக் கிளம்புறவங்களுக்கு, ஒரே கடையில 300 டாலருக்கு மேல வாங்கி வரி ரசீது வச்சிருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி 60 நாளுக்குள்ள வாங்கினதா இருந்தா, ஏர்போர்ட்ல ஜிஎஸ்டியைத் திருப்பி வாங்கலாம். ரசீதைத் தொலைக்காதீங்க, கல்லை செக்-இன் பெட்டியில போட்டுடாதீங்க.

ரெண்டாவது சாயங்காலம், பிரேக்அவேஸ்

கேரவனை பார்க்லயே விட்டுட்டு கார் மட்டும் எடுத்துட்டுப் போங்க, ஊருக்கு வடக்க 30 கிலோமீட்டர் சொச்சம். கன்கு பிரேக்அவேஸ்னு பேரு, உள்ள போக பெர்மிட் வாங்கணும், ஊருக்குள்ளேயே கிடைக்கும். பழைய கடல் தரை அரிச்சு அரிச்சு மேசை மேசையா நிக்குது, ஒண்ணு வெள்ளை, பக்கத்துலயே ஒண்ணு காவி. சூரியன் இறங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் நில்லுங்க. கிளம்புறப்ப நாய் வேலி பக்கம் ஒரு சுத்து, டிங்கோங்கிற காட்டு நாயை ஆட்டுப் பண்ணை பக்கம் விடாம தடுக்க குயின்ஸ்லாந்துல இருந்து தென்கடல் வரைக்கும் 5,000 கிலோமீட்டருக்கு மேல ஓடுற கம்பி வேலி, பாக்க சாதாரண வேலிதான், நீளத்தை நினைச்சாத்தான் மலைப்பு. மண் ரோடு, மழை பெஞ்சிருந்தா மூடிடுவாங்க, கேட்டுட்டுப் போங்க, இருட்டுறதுக்குள்ள தார் ரோட்டுக்கு வந்துடுங்க.

மிச்ச நேரத்துக்கு

புல்லே இல்லாத கோல்ஃப் மைதானம் இருக்கு, கையில ஒரு துண்டு செயற்கைப் புல்லைத் தூக்கிட்டு நடந்து, பந்தை அது மேல வச்சு அடிக்கணும், வெயில் காலத்துல ராத்திரி ஒளிருற பந்து வச்சு ஆடுவாங்க. ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்போட ஒப்பந்தம் இருக்குன்னு மார்தட்டிக்குவாங்க. காருக்குள்ள உக்காந்தே படம் பாக்கிற டிரைவ்-இன் தியேட்டர்ல சில சனிக்கிழமை படம் ஓடும், படத்துக்கு முன்னாடி தயவுசெஞ்சு வெடிமருந்து கொண்டு வராதீங்கன்னு ஒரு ஸ்லைடு போடுவாங்க, ஒரு காலத்துல அது நெசமாவே தேவைப்பட்ட அறிவிப்பு. படப்பிடிப்புக்கு வந்த ஹாலிவுட்காரங்க விட்டுட்டுப் போன விண்கலம் ஒண்ணு மெயின் ரோடு ஓரமா கிடக்கு. ஜோசஃபின்ஸ்ங்கிற இடத்துல தாய் இல்லாத கங்காரு குட்டிகளை வளக்கிறாங்க, பாலூட்டுற நேரத்தைக் கேட்டுட்டுப் போங்க, பசங்களுக்கு இது ஒண்ணு போதும். முதலை வேட்டைக்காரரா இருந்த குரோக்கடைல் ஹாரியோட குகை வீடு பெரியவங்களுக்கு மட்டும்னு நான் சொல்லுவேன், சுவர் முழுக்க இருக்கிறதைப் பாத்து பசங்க கேக்கிற கேள்விக்கு உங்களால பதில் சொல்ல முடியாது.

கிளம்புறப்ப

டாய்லெட் கேசட்டை, அதாவது கேரவன் கழிவுத் தொட்டியை, ஊருக்குள்ள கழிவு கொட்டுறதுக்குன்னே இருக்கிற டம்ப் பாயின்ட்ல காலி பண்ணிடுங்க, ரோட்டோரத்துல ஊத்திட்டுப் போற கேரவன்காரங்களாலதான் நல்ல ரெஸ்ட் ஏரியா எல்லாம் மூடுறாங்க. டயர் காத்து, டோபார் பின், கேரவன் லைட் ஒரு தடவை பாத்துடுங்க, உள்ள ஏறின தூசிய ஜன்னல் ரப்பர்ல இருந்து துடைச்சு விடுங்க. வடக்க போறவங்களுக்கு கேட்னி 150 கிலோமீட்டர், மார்லா 230 சொச்சம், உலுரு திரும்புற எர்ல்டண்டா கிட்டத்தட்ட 490. கிழக்க வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா பக்கம் போற ரோடெல்லாம் மண்ணு, சாதாரண கேரவனை அங்க இழுத்துட்டுப் போனா அலமாரி கதவு, கப்பு சாசர் எல்லாம் கழண்டு தரையில கிடக்கும், மூடின ரோட்டுல ஏறினா அபராதமும் உண்டு. லேக் ஏர்ங்கிற பெரிய உப்பு ஏரி மேல பறக்கணும்னு ஆசை இருந்தா கூபர் பீடியில இருந்தே சின்ன விமானம் கிளம்புது, கேரவன் பார்க்லயே நிக்கட்டும். தெற்க திரும்புறவங்க கிளெண்டாம்போ பங்க் அன்னைக்குத் திறந்திருக்கான்னு ஒரு போன் போட்டுட்டு, எதுக்கும் ஒரு ஜெர்ரி கேன் டீசல் சேத்துப் போட்டுக்கோங்க.